எரிமலைப் பகுதியில் கனிமப் படம்: சென்டினல்-2 போதுமா, பழைய ஆஸ்டரைத் தேடிப் போக வேண்டுமா?

கரும்பாறை

வணக்கம். முதுநிலை ஆய்வுக்கு ஒரு வறண்ட எரிமலைப் பகுதியை எடுத்திருக்கிறேன். ஆண்டிசைட், டேசைட் பாறைகள், இடையிடையே சாம்பல் படிந்து இறுகிய டஃப். செடிகொடி குறைவு. பழைய வெந்நீர்க் கரைசல்கள் ஊடுருவிப் பாறையின் கனிமங்களையே மாற்றிவிட்ட இடங்களை, அதாவது ஆல்டரேஷன் மண்டலங்களை, செயற்கைக்கோள் படத்திலிருந்து பிரித்துக் காட்ட வேண்டும்.

சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 11-ஆம் பட்டையை 12-ஆம் பட்டையால் வகுத்துப் பார்த்தேன் (பட்டை என்பது ஒரு குறிப்பிட்ட அலைநீளப் பகுதியில் வரும் ஒளியின் அளவு). எல்லாப் பயிற்சிக் குறிப்புகளிலும் வரும் 'களிமண் விகிதம்' அதுதான். பாதிப் படம் பளிச்சென்று வருகிறது. முகட்டில் வெளுத்துக் கிடக்கும் பாறை, ஓடைப் படுகை, டஃப் பரந்த சமவெளி எல்லாம் ஒரே நிறம். இதில் எது நிஜமான ஆல்டரேஷன் என்று எப்படிப் பிரிப்பது?

நெறியாளர் ஆஸ்டர் என்ற செயற்கைக்கோள் கருவியின் படத்தைப் பயன்படுத்தச் சொல்கிறார். ஆனால் அதன் குற்றலை அகச்சிவப்புக் கருவி 2008 ஏப்ரலிலேயே செயலிழந்துவிட்டது. அவ்வளவு பழைய படத்தை வைத்து இன்றைக்கு ஆய்வு செய்தால் சரியா?

நிறமாலை

விகிதத்திலிருந்து தொடங்காதீர்கள், கனிமத்திலிருந்து தொடங்குங்கள். எந்தக் கனிமம் வேண்டும், அது எந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுகிறது, அந்த இடத்தில் உங்கள் கருவிக்குத் தனிப் பட்டை இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் விடை எழுதிக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

அலுனைட் 2.17 மைக்ரோமீட்டர் பக்கம் உறிஞ்சும்; எதிரொளிப்பு வரைகோட்டில் அது ஒரு பள்ளமாகத் தெரியும். கயோலினைட்டுக்கு இரட்டைப் பள்ளம்: 2.16-இல் சின்னது, 2.21-இல் பெரியது. செரிசைட்டுக்கு 2.2-இல் ஒரே பள்ளம். குளோரைட், எபிடோட், கால்சைட் மூன்றும் 2.33 முதல் 2.35 வரை. இப்போது சென்டினல்-2இன் 12-ஆம் பட்டையைப் பாருங்கள். மையம் 2.19, அகலம் ஏறத்தாழ 0.18. அதாவது 2.1-இலிருந்து 2.28 வரை வரும் ஒளி முழுவதையும் ஒரே எண்ணாகக் கூட்டித் தருகிறது. அலுனைட், கயோலினைட், செரிசைட் மூன்றும் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்கிவிடும். குளோரைட்டின் பள்ளம் அந்தப் பட்டைக்கு வெளியே நிற்கிறது. லேண்ட்சாட்-8இன் 7-ஆம் பட்டைக்கும் (2.11 முதல் 2.29) இதே கதைதான்.

ஆஸ்டர் அதே பகுதியை ஐந்தாக நறுக்குகிறது. 5-ஆம் பட்டை 2.145–2.185, 6-ஆம் பட்டை 2.185–2.225, 7-ஆம் பட்டை 2.235–2.285, 8-ஆம் பட்டை 2.295–2.365, 9-ஆம் பட்டை 2.36–2.43. இதற்கு முன்னால் 1.6–1.7-இல் 4-ஆம் பட்டை. பள்ளத்தின் இரு கரைகளையும் கூட்டி, பள்ளத்தால் வகுத்தால் பள்ளத்தின் ஆழம் கிடைக்கும்:

(4+6)/5 என்றால் அலுனைட், கயோலினைட்.
(5+7)/6 என்றால் செரிசைட்.
(7+9)/8 என்றால் குளோரைட், எபிடோட், கால்சைட்.

பழைய படம் என்ற கவலை வேண்டாம். 2005-இல் எடுத்த படத்தில் இருந்த அலுனைட் இன்றும் அங்கேதான் இருக்கும். இடையில் சுரங்கம் தோண்டப்பட்ட, மலை சரிந்த, எரிமலை மறுபடி வெடித்துச் சாம்பல் மூடிய இடங்களை மட்டும் புதிய படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். 2016 ஏப்ரல் முதல் ஆஸ்டர் படங்கள் எல்லோருக்கும் இலவசம்.

மேகமில்லாநாள்

சென்டினலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இரும்புக் கனிமங்களுக்கு அது நன்றாக வேலை செய்யும். 4-ஆம் பட்டையை 2-ஆல் வகுத்தால் ஃபெர்ரிக் இரும்பு, அதாவது துரு வகை இரும்பு, தெரியும். ஹேமடைட் 0.86 மைக்ரோமீட்டர் பக்கமும் கோதைட் 0.9-ஐத் தாண்டியும் உறிஞ்சும். அங்கே சென்டினலுக்கு 8ஏ பட்டை இருக்கிறது. ஆஸ்டரில் நீலப் பட்டையே கிடையாது, ஆகவே இரும்புக்கு அதை நம்பாதீர்கள். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் புத்தி.

இன்னொன்று. நிழல் விழும் சரிவுகளில் 4/2 விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. விகிதம் எடுத்தால் வெளிச்சக் கூடுதல் குறைச்சல் அடிபட்டுப்போகும் என்பார்கள். வெயிலால் வரும் வேறுபாடு பெருக்கலாக வருவதால் அது அடிபடும், உண்மைதான். காற்றில் சிதறி வரும் நீல ஒளி கூட்டலாக வருகிறது, அது அடிபடாது. வளிமண்டலத் திருத்தம் செய்யாத படத்தில் விகிதம் எடுத்தால் மலையின் ஒவ்வொரு வடக்குச் சரிவும் தனிப் பாறை வகைபோலத் தோன்றும்.

சுத்தியல்

களத்தில் நடந்து திரிகிறவன் என்ற முறையில் கொஞ்சம் குளிர்ந்த நீர் ஊற்றுகிறேன். அலுனைட் கிடைத்துவிட்டது என்று குதிக்கிற அறிக்கைகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

அமெரிக்காவின் நெவாடாவில் கியூப்ரைட் என்று ஓர் இடம். கனிமப் பட வேலையில் இறங்கும் எல்லோரும் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள். நடுவில் சிலிக்காவாகிப்போன பாறை, சுற்றி ஓபல், அதற்கு வெளியே களிமண். விமானத்திலிருந்தும் செயற்கைக்கோளிலிருந்தும் புதிதாக எந்தக் கருவி வந்தாலும் அங்கேதான் சோதித்துப் பார்க்கிறார்கள். அலுனைட்டும் கயோலினைட்டும் கொட்டிக் கிடக்கின்றன. பெரிய தங்கச் சுரங்கம் கிடையாது. அதே வட்டாரத்தில், சற்றே வடக்கில், கோல்ட்ஃபீல்ட். அங்கேயும் எரிமலைப் பாறை, அங்கேயும் அலுனைட். 1902-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்த ஊரிலிருந்து 40 லட்சம் அவுன்ஸ் அளவில் தங்கம் வெட்டி எடுத்தார்கள். படத்தில் இரண்டும் ஒரே நிறம்தான்.

காரணம் எளிது. அலுனைட் பல வழிகளில் உருவாகும். மாக்மாவிலிருந்து நேரடியாக ஏறிவரும் அமில ஆவியால் வரும். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே நீராவி சூடாக்கி அமிலமாக்கிய நீராலும் வரும். பைரைட் மேற்பரப்பில் சிதைந்து கந்தக அமிலம் உண்டாகி, அதனாலும் வரும். முதல் வகைதான் தங்கம், செம்பு தேடுகிறவர்களுக்கு நெருக்கமானது. ஆஸ்டருக்கு மூன்றும் அலுனைட்தான்.

கரும்பாறை

அப்படியானால் படம் எதற்கு என்ற கேள்வி வருகிறதே, சுத்தியல் ஐயா?

சுத்தியல்

எங்கே நடக்க வேண்டும் என்று சொல்வதற்கு. அது சின்ன விஷயமில்லை. 60 கிலோமீட்டர் அகலமுள்ள ஓர் ஆஸ்டர் காட்சியை யாராலும் கால்நடையாகப் பார்த்து முடிக்க முடியாது.

தனிப் பிக்சலைப் பார்க்காமல் வடிவத்தைப் பாருங்கள். லோவெல், கில்பர்ட் இருவரும் 1970-இல் சொன்ன போர்ஃபிரி செம்பு (மாக்மா ஊடுருவலைச் சுற்றி உருவாகும் பெரிய செம்புப் படிவம்) மாதிரி தெரிந்திருக்கும். நடுவில் பொட்டாசியம் மிகுந்த மண்டலம், சுற்றி செரிசைட்டும் பைரைட்டும், வெளியே குளோரைட், எபிடோட், கால்சைட். இந்த ஒழுங்கு படத்தில் வளையங்களாக விழுந்தால்தான் நான் காலணியைக் கட்டுவேன். 2006-இல் மார்ஸ், ரோவன் இருவரும் ஈரானின் சாக்ரோஸ் எரிமலை வில் முழுவதையும் ஆஸ்டரால் அலசினார்கள். அவர்கள் செய்ததும் இதுதான்: செரிசைட்டையும் அலுனைட்-கயோலினைட்டையும் தனித்தனியே பிரித்து, அவை வட்டமாகவும் நீள்வட்டமாகவும் குவிந்திருக்கும் இடங்களைக் குறித்தார்கள்.

உங்கள் சமவெளி டஃப் பளிச்சென்று தெரிவதற்கும் இதில் விடை இருக்கிறது. எரிமலைக் கண்ணாடி நீரை உள்வாங்கி மெல்லக் களிமண்ணாகும். அதற்கு வெந்நீர் ஊற்று எதுவும் தேவையில்லை. பரப்பு முழுக்க ஒரே சீராக, விளிம்பே இல்லாமல் தெரிந்தால் அது பெரும்பாலும் அந்தப் படிவத்தின் இயல்புதான். ஓடைப் படுகையில் தெரிவது மேலிருந்து அடித்து வந்த களிமண். அதைத் தள்ளிவிடாதீர்கள், ஓடையைப் பிடித்து மேலே ஏறிப் பாருங்கள்.

கரும்பாறை

நன்றி. ஆஸ்டர் படம் இறக்கிவிட்டேன். இரண்டு சந்தேகம். 'கிராஸ்டாக்' திருத்தம் கட்டாயமா? பள்ளத்தாக்கில் கொஞ்சம் புதர் இருக்கிறது, அதை என்ன செய்வது?

நிறமாலை

கிராஸ்டாக் கட்டாயம். 4-ஆம் பட்டையின் உணர்விக்கு வரும் ஒளி கருவிக்குள்ளேயே சிதறிப் பக்கத்துப் பட்டைகளுக்குக் கசிகிறது. அதிகம் அடிபடுபவை 5-உம் 9-உம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 5-ஆம் பட்டை பொய்யாக உயர்ந்தால் (4+6)/5 குறையும், அலுனைட் மறையும். அதே உயர்வு (5+7)/6-ஐக் கூட்டிவிடும். இல்லாத செரிசைட் முளைக்கும். 9-ஆம் பட்டை உயர்ந்தால் (7+9)/8 வீங்கும், இல்லாத குளோரைட் வரும். நாம் எந்த மூன்று விகிதத்தை நம்பி இருக்கிறோமோ அந்த மூன்றையும் சரியாகக் குறிபார்த்துக் கெடுக்கிற கோளாறு இது! திருத்தம் செய்யப்பட்ட மேற்பரப்பு எதிரொளிப்புத் தயாரிப்பு ஏஎஸ்டி 07 எக்ஸ்டி என்ற பெயரில் உண்டு. அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

புதருக்கு வருவோம். பச்சை இலையில் இருக்கும் நீர் 1.6-ஐவிட 2.2-இல் அதிகமாக உறிஞ்சும். ஆகவே சென்டினலின் 11/12-இல் தழைத்த மரமும் களிமண்ணும் ஒன்றுபோலவே மின்னும். தாவரக் குறியீடு எடுத்து, பச்சைப் பிக்சல்களை மறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். காய்ந்த புல்தான் தொல்லை. அதில் பச்சை இல்லை, குறியீட்டில் சிக்காது. செல்லுலோஸுக்கு 2.1-இலும் 2.3-இலும் உறிஞ்சல் உண்டு, அது 8-ஆம் பட்டையில் குளோரைட்டாக வேடம் போடும். காய்ந்த புல் குறைவாக இருக்கும் பருவத்துப் படமாகத் தேடுங்கள்.

எந்திரக்கண்

இவ்வளவு விகிதம் எதற்கு? ஏற்கனவே உள்ள புவியியல் வரைபடத்திலிருந்து பயிற்சிப் பிக்சல்கள் எடுத்து, ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற இயந்திரக் கற்றல் முறையை ஓட்டினால் எல்லாப் பட்டைகளையும் அதுவே எடைபோட்டுவிடும். 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம் எளிதாக வரும்.

நிறமாலை

> 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம் எளிதாக வரும்.

எந்தப் பிக்சல்களில் சோதித்த துல்லியம்? ஒரே ஆல்டரேஷன் திட்டிலிருந்து பாதிப் பிக்சல்களைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் எடுத்தால், பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் இயல்பாகவே ஒன்றுபோல இருக்கும். விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதியதற்கு மதிப்பெண் போட்டதுபோல ஆகிவிடும். ஒரு மலையில் பயிற்சி கொடுத்து வேறொரு மலையில் சோதியுங்கள். அந்த எண்ணைச் சொல்லுங்கள், பேசலாம்.

இன்னொரு சிக்கல், புவியியல் வரைபடம் பாறையின் பெயரைச் சொல்கிறது, படம் மேற்பரப்புக் கனிமத்தைப் பார்க்கிறது. 'ஆண்டிசைட்' என்று வரைந்த கட்டத்துக்குள் புதிய ஆண்டிசைட்டும் இருக்கும், குளோரைட்டாக மாறியதும் இருக்கும், இரும்புத் துரு படிந்ததும் இருக்கும். எந்திரத்துக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடமே கலங்கல்.

எந்திரக்கண்

திட்டு திட்டாகப் பிரித்துச் சோதிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். விகிதம் மட்டும் யோக்கியமா என்ன? எத்தனைக்கு மேல் இருந்தால் 'ஆல்டரேஷன்' என்று கோடு போடுவது ஒவ்வொருவரும் கண்ணளவில்தானே? பிக்சலின் நிறமாலை கனிமத்தின் நிறமாலையிலிருந்து எவ்வளவு கோணம் விலகுகிறது என்று பார்க்கும் ஸ்பெக்ட்ரல் ஆங்கிள் முறையிலும் 0.1 ரேடியன் என்று மென்பொருள் வைத்திருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிட்டுக் கட்டுரை எழுதுகிறவர்கள் நிறையப் பேர்.

நிறமாலை

அது நியாயமான அடி. கோணத்தைக் கண்ணளவில் வைக்கக் கூடாது. களத்தில் உறுதிசெய்த ஓர் இடத்தை வைத்து அளவிட்டுப் பார்த்துத்தான் கோடு போட வேண்டும்.

கரும்பாறைக்கு: விகிதத்தோடு க்ரோஸ்டா முறையையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாப் பட்டைகளையும் போடாமல் நான்கை மட்டும் எடுத்து முதன்மைக் கூறு பகுப்பாய்வு செய்வது, அதாவது பட்டைகளை வெவ்வேறு எடையில் கலந்து புதிய கூறுகளாக்குவது. கனிமம் உறிஞ்சும் பட்டைக்கும் எதிரொளிக்கும் பட்டைக்கும் எடைகள் பெரியதாக, எதிரெதிர்க் குறியோடு விழும் கூறைத் தேடுங்கள். உறிஞ்சும் பட்டையின் எடை கூட்டல் குறியில் இருந்தால் கனிமம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கூறை -1-ஆல் பெருக்கிவிடுங்கள். எடை அட்டவணையைப் பார்க்காமல் 'நான்காம் கூறுதான் களிமண்' என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

சாம்பல்மழை

பேச்செல்லாம் சுரங்கத்தைச் சுற்றியே போகிறது. ஓர் எரிமலை இன்னும் உயிரோடு இருந்தால் இதே கனிமப் படம் உயிர்காக்கும் விஷயம்.

வெந்நீரும் அமிலமும் தின்ற பாறை களிமண்ணாகி வலுவிழந்துவிடும். செங்குத்தான எரிமலையின் உச்சியில் அப்படி ஒரு பகுதி இருந்தால், வெடிப்பே இல்லாமல்கூட அது சரியலாம். அமெரிக்காவின் ரெய்னியர் மலையில் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் உச்சியின் பெரும் பகுதி பெயர்ந்து, ஆசியோலா சேற்றோட்டம் என்று இன்று அழைக்கப்படும் பெருஞ்சேறாகப் பள்ளத்தாக்குகளில் இறங்கிப் போனது. அந்தச் சேற்றில் களிமண் அதிகம். உச்சியில் இருந்த மாறிய பாறைதான் மூலம். இப்போது மக்கள் வாழும் தாழ்நிலங்கள் அந்தப் படிவத்தின் மேல்தான் இருக்கின்றன.

அதே காஸ்கேட் மலைத்தொடரில் உள்ள ஷாஸ்டா மலையில் எங்கே வலுவற்ற மாறிய பாறை இருக்கிறது என்று 2003-இல் வெளிவந்த ஆய்வில் செயற்கைக்கோள் கருவிகளான ஆஸ்டர், ஹைப்பீரியன், விமானத்திலிருந்து படமெடுக்கும் அவிரிஸ் மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஆனால் ஒன்று, இந்தப் படங்கள் பாறையின் தோலைத்தான் பார்க்கும். களிமண் எவ்வளவு ஆழம் போகிறது என்று அறிய, ரெய்னியரில் ஹெலிகாப்டரிலிருந்து மின்காந்த, காந்தப்புல அளவீடு செய்யவேண்டி வந்தது. பனி மூடிய உச்சியில் வேறு வழியும் இல்லை.

கரும்பாறை

இது எனக்குப் புதுக் கோணம், நன்றி. என் பகுதி எப்போதோ அணைந்துபோன எரிமலை. ஹைப்பீரியன் என்றதும் நினைவுக்கு வந்தது: ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படம், அதாவது நூற்றுக்கணக்கான குறுகிய பட்டைகள் கொண்ட படம், எதையாவது இலவசமாகப் பெற முடியுமா?

மேகமில்லாநாள்

முடியும். ஹைப்பீரியன் 2000-இல் போய் 2017-இல் ஓய்ந்தது. 7.7 கிலோமீட்டர் அகலக் கீற்று, நமக்கு வேண்டிய 2.2 பக்கம் இரைச்சல் அதிகம். இப்போது அதில் நேரம் செலவிட வேண்டாம். இத்தாலியின் பிரிஸ்மா (2019), ஜெர்மனியின் என்மேப் (2022) இரண்டும் 30 மீட்டர் பிக்சல், 30 கிலோமீட்டர் அகலம். பதிவு செய்துகொண்டு ஆய்வுத் தேவையைச் சொல்லி வாங்கலாம். அப்புறம் எமிட். 2022 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பொருத்தினார்கள். வறண்ட நிலங்களிலிருந்து காற்றில் கிளம்பும் தூசியில் என்ன கனிமம் என்று அறிவதற்காகச் செய்த கருவி. 285 பட்டைகள், 60 மீட்டர் பிக்சல். பிக்சல் பெரியதாயிற்றே என்று ஒதுக்காதீர்கள், சுத்தமான நிறமாலை. உங்கள் வறண்ட மலை அதன் வழியில் இருந்தால் அதைத்தான் நான் முதலில் திறப்பேன்.

கயோலினைட்டின் இரட்டைப் பள்ளத்தையும் அலுனைட்டின் பள்ளத்தையும் நம்பிக்கையோடு பிரிக்க இவை வேண்டும். செரிசைட்டின் 2.2 பள்ளம் அலுமினியம் மிகுந்தால் குறைந்த அலைநீளம் பக்கமும், இரும்பும் மெக்னீசியமும் ஏறினால் நீண்ட அலைநீளம் பக்கமும் நகரும். ஆஸ்டருக்கு அந்த நகர்வு தெரியாது.

வேர்ல்ட்வியூ-3இன் குற்றலைப் பட்டைகளும் நன்று, பிக்சல் 3.7 மீட்டர். ஆனால் காசு கொடுக்க வேண்டும்.

கரும்பாறை

ஆஸ்டர் முடிவு வந்தது. முகட்டில் (4+6)/5 வலுவாக இருக்கிறது, அதைச் சுற்றிச் செரிசைட் திட்டுத் திட்டாக. சமவெளி டஃப் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் முகட்டின் நட்டநடுவில், கண்ணுக்கு நன்றாக வெளுத்துத் தெரியும் பாறையில், மூன்று விகிதத்திலும் ஒன்றுமே இல்லை. ஓட்டைபோல இருக்கிறது. படத்தில் கோளாறா?

சுத்தியல்

கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். இந்த இழையில் இதுவரை வந்ததில் எனக்கு ஆர்வம் தருவது அந்த ஓட்டைதான்.

அமிலம் மிகக் கடுமையாக இருந்தால் பாறையிலிருந்து அலுமினியம் உட்பட எல்லாவற்றையும் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது துளைத்துளையான சிலிக்கா. அலுனைட் அதைச் சுற்றி இருக்கும். தங்கம் வந்து உட்காரும் இடமும் பல சமயம் அந்தத் துளைச் சிலிக்காதான். குவார்ட்ஸுக்குக் குற்றலையில் பள்ளமே இல்லை, ஆகவே உங்கள் மூன்று விகிதமும் அங்கே வாய்மூடி நிற்கும்.

நிறமாலை

வெப்ப அகச்சிவப்புப் பட்டைகளை எடுங்கள். 11-ஆம் பட்டையின் வர்க்கத்தை 10, 12 இரண்டின் பெருக்கலால் வகுத்தால் ஆய்வாளர் நினோமியாவின் குவார்ட்ஸ் குறியீடு. பிக்சல் 90 மீட்டர், ஆகவே ஓட்டை சிறியதாக இருந்தால் சுற்றுப்பாறையோடு கலந்து மங்கும். ஆஸ்டரின் வெப்பப் பட்டைகள் 2008-இல் போன கருவியைச் சேர்ந்தவை இல்லை. அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் காட்சிகளிலும் தேடலாம், இரவுப் படம் உட்பட. ஓபல் என்றால் கதை கொஞ்சம் மாறும். நீர் கலந்த சிலிக்கா 2.2-க்கு மேல் அகலமாக உறிஞ்சும், அதைச் செரிசைட் என்று எண்ணிவிடக் கூடாது. எமிட் படம் கிடைத்தால் பள்ளத்தின் அகலத்தைப் பாருங்கள்: செரிசைட்டுடையது கூர்மை, ஓபலுடையது சட்டிபோல.

கரும்பாறை

குவார்ட்ஸ் குறியீடு அந்த இடத்தில் உயர்ந்தே வருகிறது. எல்லைகள் மங்கல்தான். அடுத்த வாரம் களத்துக்குக் கிளம்புகிறேன். மாதிரி எடுப்பதில் கவனிக்க வேண்டியது ஏதாவது?

சுத்தியல்

கல்லை உடைத்துப் புது முகத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். புவியியல் படித்த கை அதைத்தான் செய்யும். செயற்கைக்கோள் பார்த்தது வெயிலில் கிடந்த வெளி முகத்தை. ஒரே கல்லில் இரண்டு முகமும் வேண்டும், எது மேலே இருந்தது என்று குறித்துவையுங்கள். பாலைவனப் பூச்சும் பாசியும் படிந்த கல் என்றால் தனியாக எழுதுங்கள்.

ஒரு பிக்சல் 30 மீட்டர். அதற்குள் ஒரே ஒரு கல்லை எடுத்து அதுதான் பிக்சல் என்று சொல்ல முடியாது; குறுக்காக நடந்து சில இடங்களில் எடுங்கள். படம் 'ஒன்றுமில்லை' என்று சொன்ன இடங்களிலிருந்தும் மாதிரி வேண்டும், இல்லாவிட்டால் எதைத் தவறவிட்டீர்கள் என்று கடைசிவரை தெரியாது. துளைச் சிலிக்கா கிடைத்தால் துளைக்குள் லென்ஸ் வைத்துப் பாருங்கள். துரு இருந்தால் முன்பு அங்கே சல்ஃபைடு இருந்திருக்கிறது, அந்தக் கல்லைத்தான் முதலில் ஆய்வகத்துக்கு அனுப்புவேன். படத்தையும் போடுங்கள்.